மலைக்கோட்டையை அளக்க எது தேவை: லேசர் ஸ்கேனரா, டிரோனா, டோட்டல் ஸ்டேஷனா?

இந்த வருடம் மட்டும் மூன்று தரப்பினர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் சிவில் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர். புராஜெக்டுக்கு ஒரு மலைக்கோட்டையை எடுத்திருந்தார்கள். அடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நடுகல்லும் கோட்டையும் தேடிப் போகும் நண்பர் குழு ஒன்று. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு தொகை சேர்த்து வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பொறியாளர். பழைய சுவர் ஒன்றில் விரிசல் விட்டிருக்கிறது, அது நகர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். மூன்று தரப்பும் கேட்டது இதுதான்: “லேசர் ஸ்கேனர் எடுத்துடலாமா, இல்ல டிரோனே போதுமா?”

மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. இதே குழப்பத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் காரணங்களோடு எழுதி வைக்கிறேன். கிருஷ்ணகிரியில் பதினாறு வருடமாக சர்வே வேலை செய்கிறேன். லேஅவுட், குவாரி, சாலை, ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகள் என்று பிழைப்பு ஓடுகிறது. கோட்டைகளை அளப்பது என் சொந்த ஆசை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது கைவிடப்பட்ட பழைய ராணுவத் தளங்களை, அதாவது கோட்டைகளை மட்டும். இன்று ராணுவத்தின் கையில் இருக்கும் எந்த இடத்தையும் நாமாக அளக்கக் கூடாது. 1923ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கிறது. மற்ற இடங்களில் 2021 பிப்ரவரி 15இல் வந்த மத்திய அரசின் புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் நமக்கு நிறைய வழி விட்டிருக்கின்றன. இந்தியக் குடிமக்களும் நிறுவனங்களும் முன் அனுமதி இல்லாமலே நிலத்தை அளந்து வரைபடம் போடலாம். ஆனால் அது வரைபடம் போடுவதற்கான சுதந்திரம் மட்டும்தான். அந்த இடத்துக்குள் கருவியோடு நுழைய, இடத்துக்குச் சொந்தக்காரரான துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

## நம் கோட்டைகள் ஏன் கஷ்டம்

கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய பெயரான பாராமகால் என்பதே பன்னிரண்டு கோட்டைகளைக் குறிப்பது என்று நம் பக்கம் சொல்வார்கள். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் என்று அந்த வரிசை போகும். அதற்கு வெளியே ராயக்கோட்டை, வீரபத்ரதுர்கம், தேன்கனிக்கோட்டை, தர்மபுரிப் பக்கம் அதியமான்கோட்டை. ஹைதரும் திப்புவும் கும்பினியும் (கிழக்கிந்தியக் கம்பெனி) இவற்றில் பலவற்றை மாறி மாறிப் பிடித்தார்கள். 1791 ஜூலையில் ராயக்கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதே வருடம் நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரியைத் தாக்கியபோது கீழ்க்கோட்டை விழுந்தது, மேல்கோட்டை விழவில்லை. அந்தப் பாறைச் சரிவும், ஏறுபாதை திரும்பும் இடங்களும், மேலிருந்து பார்த்தால் எந்தெந்த வளைவு சுடுபவரின் குறிக்குள் வரும் என்பதும் சரியான அளவோடு ஒரு தாளில் இருந்தால், ஏன் விழவில்லை என்று ஒரு பள்ளிப் பிள்ளைக்குக்கூடக் காட்டிவிடலாம். நான் ஆசைப்படும் வரைபடம் அதுதான்.

1792இல் பாராமகால் கும்பினிக்கு வந்ததும் அதன் அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போடத் தொடங்கினார்கள். அதே வருடம் இந்தப் பக்கம் வந்த ஆங்கில ஓவியர்கள் டேனியல்கள் ராயக்கோட்டை உட்பட மலைக்கோட்டைகளைப் படமாக வரைந்தார்கள். ஆனால் நான் ஏறிய மலைகள் பலவற்றில், கையில் எடுத்துப் போக அளவோடு ஒரு வரைபடம் கிடைத்ததில்லை.

அளப்பவருக்கு வரும் சிக்கல் என்னவென்றால், இங்கே சுவர் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே பாதி வேலை. கட்டியவர்கள் வீட்டளவு உருண்டைப் பாறையை அப்படியே சுவராக வைத்துக்கொண்டு, இடைவெளியை மட்டும் கல்லால் அடைத்திருக்கிறார்கள். வாசல்கள் நேராக இல்லை, திரும்பித் திரும்பிப் போகின்றன. மேலே சுனைகள். எல்லாவற்றின் மேலும் உண்ணிச்செடி, காரை, கள்ளி, ஓரத்தில் சீமைக்கருவேல்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கருவியின் பெயரை மறந்துவிட்டு, இந்த ஆறு விஷயங்களுக்கு முதலில் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. கடைசியில் கையில் என்ன வேண்டும்? தரைப்படமா, சுவரின் நேர்த்தோற்றமா, மலையின் உயரக்கோடுகளா, சுற்றிப் பார்க்கும் முப்பரிமாண மாதிரியா, விரிசல் கண்காணிப்பா?
2. எவ்வளவு துல்லியம்? கோட்டை முழுமைக்குமான படத்துக்கு 5 செ.மீ. தாராளம். சுவர் சாய்கிறதா என்று பார்க்க மில்லிமீட்டர் வேண்டும்.
3. புதர் எவ்வளவு?
4. யார் சுமந்து ஏறுவது, எத்தனை தடவை?
5. யாருடைய அனுமதி?
6. மலையை விட்டு இறங்கிய பிறகு எத்தனை நாள் வேலை, பத்து வருடம் கழித்து அந்தத் தரவை யாரால் திறக்க முடியும்?

கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆனால் செலவு ஏறுவதே அங்கேதான்.

## தரையில் நிற்கும் லேசர் ஸ்கேனர்

முக்காலி மேல் நின்று தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் லேசர் வீசும் கருவி. ஒளி போய்த் திரும்பும் விதத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளியைப் பதிவு செய்யும். லைக்காவின் ஆர்டிசி360 நொடிக்கு 20 லட்சம் புள்ளிகள் வரை எடுக்கும், 130 மீட்டர் வரை எட்டும். புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததைத்தான் பாயிண்ட் கிளவுட் என்கிறோம்.

இதன் பலம் எங்கே தெரியும் என்றால் வாசலுக்குள். ஒரு கோட்டையில் நுழைவாயில் எல் வடிவில் திரும்பும். உள்ளே பகலிலும் இருட்டு, வவ்வால் நெடி, நிலைக்கல்லுக்கு மேல் மூன்று உத்திரக் கற்கள். டிரோன் உள்ளே போகாது. கேமராவுக்கு வெளிச்சம் போதாது. ஸ்கேனரை ஆறு இடங்களில் வைத்தோம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான். இரவு வீட்டில் உட்கார்ந்து அந்த வாசலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது, இடது சுவர் அடியிலிருந்து உச்சிக்குள் ஏழு செ.மீ. வெளியே சாய்ந்திருந்தது. நான் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். கண்ணுக்கு அது தெரியவேயில்லை. இந்த மாதிரி இடத்துக்கு ஸ்கேனரை விட்டால் இவ்வளவு எளிதான வேறு வழி இல்லை.

இதே கருவியை வைத்து மலை முழுவதையும் அளக்கலாம் என்று இறங்கினால்தான் கஷ்டம். 10 மீட்டரில் 6 மி.மீ.க்கு ஒரு புள்ளி என்று அமைத்தால், 100 மீட்டர் தள்ளி 6 செ.மீ.க்கு ஒரு புள்ளிதான் விழும். ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் நிழல் மாதிரி ஒரு வெற்றிடம் விடும். அதை நிரப்ப இன்னொரு இடத்தில் வைக்க வேண்டும், அதன் நிழலை நிரப்ப மற்றொரு இடம். நடுத்தரக் கோட்டை ஒன்றுக்கே நூறு இடங்களைத் தாண்டிவிடும். சுவரின் மேல்தளமும் பாறைகளின் உச்சியும் அப்போதும் வராது, ஏனென்றால் கருவி நிற்பது நம் தலை உயரத்தில்.

சுனைத் தண்ணீரும் ஏமாற்றும். லேசர் தண்ணீரில் பட்டால் திரும்பி வராது, அல்லது எதிரொளித்து, தண்ணீருக்கு அடியில் ஒரு பொய்யான பாறையைக் காட்டும். காற்றில் ஆடும் ஒவ்வொரு இலையும் புள்ளியாகப் பதிவாகும். அதையெல்லாம் கையால் அழிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். கருவி வாங்குவது பல பத்து லட்சம், நம் மாதிரி ஆட்கள் வாடகைக்குத்தான் எடுக்க முடியும். வாடகை நாள் கணக்கு. மழை வந்தாலும், ஏறும் வழியில் தேனீ இருந்து திரும்பினாலும் வாடகை ஓடும். முக்காலி, பேட்டரி, டார்கெட் (ஸ்கேன்களை இணைக்க வைக்கும் குறிப்பலகை), மடிக்கணினி, தண்ணீர் எல்லாம் சேர்த்து மூன்று ஆள் சுமை. ஒரு தடவை எங்களுக்கு வந்த வாடகைக் கருவியோடு இருந்த நான்கு பேட்டரியில் இரண்டு அரை மணிக்கு மேல் தாங்கவில்லை. கீழே அலுவலகத்திலேயே நான்கையும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் ஏறியதால் அன்று பாதி நாள் வீண். அப்புறம் கணினி. ஐம்பது இடங்களில் எடுத்தாலே புள்ளிகள் நூறு கோடியைத் தாண்டும். அதைத் திறக்க 64 ஜிபி ரேம் உள்ள இயந்திரம் வேண்டும். மலையில் ஒரு நாள் வேலைக்கு மேசையில் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், ஸ்கேனர் புதிதாக எடுப்பவர்கள் எல்லாரும் தவற விடுவது. பக்கத்துப் பக்கத்து இடங்களில் எடுத்த ஸ்கேன்கள் ஒன்றோடொன்று இணைய, இரண்டிலும் ஒரே பகுதி தெரிய வேண்டும், குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது. எல் வாசலில் முதல் தடவை நான் திருப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். இரண்டும் சேரவே இல்லை. திருப்பத்தின் மூலையிலேயே ஒன்று வைத்திருந்தால் முடிந்திருக்கும். அதற்காக அடுத்த வாரம் மறுபடியும் நானூறு படி ஏறினோம்.

எப்போது இதுவே சரி: வாசல், நிலவறை, மண்டபம், தானியக் கிடங்கு, சாய்ந்த அல்லது வயிறு தள்ளிய சுவர், சீரமைப்புக்கு முன் உள்ளபடியே பதிவு.

## டிரோன் புகைப்படம்

மேலிருந்து ஒன்றன் மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, மென்பொருள் வழியே முப்பரிமாணமாக்குவது. 60 மீட்டர் உயரத்தில் பறந்தால் வழக்கமான சர்வே டிரோனில் ஒரு பிக்சல் தரையில் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. தரையில் கன்ட்ரோல் பாயிண்ட் (இடத்தைத் துல்லியமாக அளந்து வைத்த குறி) வைத்திருந்தால் 3, 4 செ.மீ. துல்லியம் நிச்சயம் கிடைக்கும். கோட்டையின் முழு அமைப்பும், சுவர் வளைந்து போகும் பாதையும், சுனைகள் எங்கெங்கே என்பதும் ஒரே காலையில் கையில் வந்துவிடும். பணத்துக்கு இந்த அளவு பலன் தரும் வழி வேறு எதுவும் இல்லை என்பது என் அனுபவம். வெப்ஓடிஎம், கியூஜிஐஎஸ், கிளவுட்கம்பேர் என்று தேவையான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மலையில் பறக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிவாரத்தில் கிளம்பி ஒரே உயரத்தில் பறந்தால், உச்சியை நெருங்கும்போது டிரோனுக்கும் பாறைக்கும் இடைவெளி குறைந்து, படங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியாது. மோதும் ஆபத்தும் உண்டு. தரையின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பறக்கும் முறையைப் போடுங்கள், அல்லது மலையை மூன்று படிநிலையாகப் பிரித்து எடுங்கள். நேர்கீழே பார்க்கும் படங்கள் மட்டும் எடுத்தால் சுவரின் முகம் உருகிய மெழுகு மாதிரி வரும். கேமராவை 45 டிகிரி சாய்த்து ஒரு சுற்று கட்டாயம்.

அனுமதி விஷயம்: 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலமாக இருந்தால் 400 அடி வரை வான்வெளிக்கான அனுமதி தேவையில்லை. ஆனால் டிரோனுக்குப் பதிவெண் இருக்க வேண்டும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையான டிரோனை வணிக நோக்கம் இல்லாமல் ஓட்டினால் பைலட் சான்றிதழ் வேண்டாம், கூலிக்கு ஓட்டினால் வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் விமான ஓடுதளத்தை மனதில் வைத்து வரைபடத்தை அன்று காலையிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வான்வெளி பச்சையாக இருந்தாலும் கீழே இருப்பது தொல்லியல் துறையின் இடம், பல மலைகளில் காப்புக்காடு. அந்தந்தத் துறையின் கடிதம் இல்லாமல் டிரோனைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.

2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன்களை அப்படியே இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. “வாங்கிக்கலாம் அண்ணா” என்று மாணவர்கள் சொன்னபோது இதைத்தான் முதலில் சொன்னேன். பழைய டிரோனுக்கு உதிரி பாகம் கிடைக்காமல் பாதியில் நிற்பதும் ஒரு செலவுதான். பதிவும் சான்றிதழும் உள்ள ஒருவரை அரை நாளுக்கு அழைப்பது மலிவு.

டிரோன் கேமராவின் பெரிய குறை புதர். கேமரா கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் அளக்கும். ஒரு மலையில் நாங்கள் எடுத்த படத்தில் வடமேற்கு மூலை முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி சமமாக இருந்தது. மறுநாள் அங்கே ஆடு ஓட்டி வந்த பெரியவர் மடிக்கணினியை எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த எடத்துல படி இருக்குதே, காணோமே?” என்றார். “எங்கீங்க தாத்தா?” என்று கேட்டதற்கு, கையிலிருந்த தொரட்டியால் உண்ணிச்செடியை விலக்கிக் காட்டினார். பாறையிலேயே வெட்டிய பதினேழு படிகள், அதன் முடிவில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திட்டிவாசல். அறுநூறு படங்களில் ஒன்றில்கூட அது இல்லை.

எப்போது இதுவே சரி: கோட்டை முழுமைக்குமான முதல் வரைபடம், உயரக்கோடுகள், எந்தக் கோட்டையிலிருந்து எது தெரியும் என்ற ஆய்வு, பொதுமக்களுக்குக் காட்டும் மாதிரி.

## டிரோனில் லேசர்

“அப்போ டிரோன்லயே லேசரை மாட்டிட்டா புதரும் பிரச்சினை இல்லையே” என்று எல்லாரும் கேட்பார்கள். 2012இல் கம்போடியாவின் அங்கோர் காட்டுக்கு மேல் ஹெலிகாப்டரில் லேசர் பறக்கவிட்டு, மரங்களுக்கு அடியிலிருந்த பழைய நகரத்தின் தெருக்களையே கண்டுபிடித்தார்கள். அதைப் பார்த்த யாருக்கும் இந்த ஆசை வரும்.

ஆனால் லேசர் இலையைத் துளைத்துப் போவதில்லை. இலைகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் நுழைந்து தரையைத் தொடுகிறது. உயர்ந்த மரக்காட்டில் உச்சி இலைக்கும் தரைக்கும் இருபது மீட்டர் இடைவெளி இருப்பதால், எது மரம், எது தரை என்று பிரிப்பது எளிது. நம் உண்ணிச்செடி ஒன்றரை ஆள் உயரம், அடி முதல் நுனி வரை அடர்த்தி. ஒரு லேசர் துடிப்புக்கே நீளம் உண்டு. அரை மீட்டர், ஒரு மீட்டருக்குள் இருக்கும் இரண்டு பொருள்களை அதால் தனித்தனியாகப் பார்க்க முடிவதில்லை. முழங்கால் உயரச் சுவர் இடிபாடும் அதை மூடிய செடியும் ஒன்றாகக் கலந்துவிடும். கோட்டையைச் சுற்றியுள்ள சரிவில் மரங்கள் இருந்தால் இது நல்ல கருவி. பழைய ஏறுபாதையும் அகழியின் பள்ளமும் அழகாக வரும். சுவரை ஒட்டிய புதருக்கு நம்பி எடுக்க வேண்டாம். செலவும் நான்கு வழிகளில் இதற்குத்தான் அதிகம். ஐம்பது ஏக்கருக்கு மேல் மரம் மூடிய மலையாக இருந்தால் யோசிக்கலாம். அதற்குக் குறைந்தால் அந்தப் பணத்தில் தொரட்டியும் பத்து ஆள் கூலியும் அனுமதியோடு ஏற்பாடு செய்வது மேல். செடியை மேலோடு வெட்டலாம், வேரைப் பிடுங்கக் கூடாது. பல இடங்களில் கல்லைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்தான்.

## டோட்டல் ஸ்டேஷன்

தொலைநோக்கி வழியே குறி பார்த்து, கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் முக்காலிக் கருவி. பழையது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிசம் (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) இல்லாமலே இருநூறு மீட்டர் தள்ளியிருக்கும் பாறையில் குறி வைத்து, சில மி.மீ. துல்லியத்தில் ஒரு புள்ளி எடுக்கும். ஒரு நாளுக்கு முந்நூறு, நானூறு புள்ளிகள்தான் வரும். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர் பார்த்து, இது சுவரின் மூலை, இது பாறை தொடங்கும் இடம் என்று முடிவு செய்து எடுத்தது. ஸ்கேனர் கோடிப் புள்ளி எடுத்தாலும் சரியாக மூலையின் விளிம்பில் ஒன்று விழும் என்று சொல்ல முடியாது. விளிம்பில் பாதி, பின்னால் பாதி பட்டு இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் ஒரு புள்ளி நிற்கும்.

சுவரையும் பாறையையும் பிரித்துக் காட்டும் வரைபடம் வேண்டும் என்றால், அந்தத் தீர்ப்பைக் கணினி தராது. அந்தப் பதினேழு படிகளையும் நான் கடைசியில் டோட்டல் ஸ்டேஷனில்தான் அளந்தேன். கருவி சில லட்சத்துக்கு வரும், நம் ஊரில் வாடகைக்கு எளிதாகக் கிடைக்கும், தரவு ஒரு சாதாரண உரைக் கோப்பு. இருபது வருடம் கழித்தும் திறக்கும். மறைசெலவு ஒன்றே ஒன்று: ஓட்டுகிறவருக்குக் கட்டடம் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். லேஅவுட் மட்டுமே அளந்தவரை அனுப்பினால் நான்கு மூலையை எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்.

## கைப்பேசியும் கையில் பிடிக்கும் ஸ்கேனரும்

ஐபோன் 12 புரோ முதலான மாடல்களில் உள்ள லேசர் ஏறக்குறைய ஐந்து மீட்டர்தான் எட்டும். சுனையின் வாய், ஒரு பீரங்கி மேடை என்று சின்ன இடங்களைக் குறித்துக்கொள்ள நல்லது, அளவுக்கு நம்பாதீர்கள். நடுகல், கல்வெட்டு போன்றவற்றுக்கு அதே கைப்பேசியின் கேமராவில் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஐம்பது அறுபது படம் எடுத்து மாதிரி செய்வது, அதன் லேசரைவிட எவ்வளவோ தெளிவு. நடந்துகொண்டே எடுக்கும் கை ஸ்கேனர்கள் நீளமான படிக்கட்டுப் பாதைக்கு உதவும். ஆனால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து முடிக்காவிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

## ஒரே பார்வையில்

| | தரை ஸ்கேனர் | டிரோன் படம் | டிரோன் லேசர் | டோட்டல் ஸ்டேஷன் |
|---|---|---|---|---|
| துல்லியம் | சில மி.மீ. | 3, 4 செ.மீ. | 5 செ.மீ. சுற்றி | சில மி.மீ. |
| இருட்டு வாசல் | மிக நன்று | முடியாது | முடியாது | முடியும், மெதுவாக |
| மலை முழுக்க | நடைமுறைக்கு ஒத்துவராது | மிக நன்று | நன்று | வாரக்கணக்காகும் |
| உண்ணிச்செடி | தடுக்கும் | முழுக்க மறைக்கும் | பாதிதான் | விலக்கி அளக்கலாம் |
| ஏற்றும் சுமை | மூன்று ஆள் | ஒரு ஆள் | இரண்டு ஆள் | இரண்டு ஆள் |
| மேசை வேலை | மிக அதிகம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| அதிகம் கேட்கப்படாத செலவு | கணினி, சுத்தம் செய்யும் நாள்கள் | பதிவு, பைலட், காற்றால் தள்ளிப்போகும் நாள் | தரையைப் பிரித்தெடுக்கும் நிபுணர் கூலி | கட்டடம் தெரிந்த ஆள் |

## எந்த வழியானாலும் கன்ட்ரோல் பாயிண்ட்

இதற்குப் பணம் ஒதுக்காதவர்கள் தயவுசெய்து வேறு எதற்கும் ஒதுக்க வேண்டாம். மலை மேல் ஐந்தாறு நிலையான புள்ளிகள் குறித்து, டிஜிபிஎஸ் (துல்லியமான சர்வே ஜிபிஎஸ் கருவி) வைத்து அவற்றின் இடத்தை எடுத்துவிட்டால், இன்று டிரோன், அடுத்த வருடம் ஸ்கேனர், பத்து வருடம் கழித்து வேறொருவர் எடுப்பது என்று எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் (CORS) என்ற நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்களின் சேவையில் பதிவு செய்துகொண்டால் அடிப்படை நிலையத்துக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. பாதுகாக்கப்பட்ட சுவரிலோ கல்லிலோ ஆணி அடிக்கவோ உளியால் வெட்டவோ கூடாது. எங்கே குறி வைக்கலாம் என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பிரச்சினை இருக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகை ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் போகிறது. உலகை மண்டலங்களாகப் பிரித்து அளவு குறிக்கும் யுடிஎம் முறையில் மண்டலம் 43 அதற்கு மேற்கே, 44 கிழக்கே. தேன்கனிக்கோட்டை 43இல், ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் 44இல். இரண்டு கோட்டைகளை ஒரே வரைபடத்தில் காட்ட நினைப்பவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு மண்டலத்தை முடிவு செய்து தாளில் எழுதி வைக்க வேண்டும். உயரத்திலும் அப்படித்தான். டிஜிபிஎஸ் நேரடியாகத் தரும் உயரத்துக்கும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரத்துக்கும் நம் பக்கம் எண்பது மீட்டருக்கு மேல் வித்தியாசம். மலையின் உயரத்தை எண்பது மீட்டர் குறைத்து எழுதிய ஒரு அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன்.

## அந்த மூவருக்கும் சொன்னது

மாணவர்களுக்கு: டிரோன் படம், ஆறு கன்ட்ரோல் பாயிண்ட், கல்லூரியிலேயே இருக்கும் டோட்டல் ஸ்டேஷன். ஒரே ஒரு வாசலை மட்டும் ஸ்கேனரில் எடுத்து, டோட்டல் ஸ்டேஷன் அளவோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னேன். புராஜெக்டுக்கு அதுவே நல்ல பொருள்.

நண்பர் குழுவுக்கு: ஸ்கேனர் வேண்டவே வேண்டாம். சேர்த்த பணத்தை அரை நாள் டிரோனுக்கும் டிஜிபிஎஸ்ஸுக்கும் போட்டுவிட்டு, மீதியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வேறு வேறு வீட்டில் வைக்கச் சொன்னேன். அப்புறம் அந்தப் படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு, ஆடு மேய்ப்பவர்களிடமும் மலையடிவார ஊர்ப் பெரியவர்களிடமும் காட்டி, படத்தில் இல்லாததைக் குறித்து வாருங்கள் என்றேன். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: முப்பரிமாண மாதிரியை எல்லாருக்கும் காட்டுங்கள், நிலவறை, திட்டிவாசல், சுனை ஆகியவற்றின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். புதையல் என்று தோண்டிப் போட்ட குழிகளை நான் ஏறிய ஏறக்குறைய எல்லா மலையிலும் பார்த்திருக்கிறேன். முழுத் தரவின் ஒரு பிரதியைத் தொல்லியல் துறையிடமும் மாவட்ட அருங்காட்சியகத்திடமும் கொடுங்கள்.

பொறியாளருக்குச் சொன்னதுதான் அவரே எதிர்பாராதது. விரிசல் நகர்கிறதா என்று பார்க்க ஸ்கேனர் முதல் தேர்வு இல்லை. இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போது, இணைப்புப் பிழையும் சேர்த்து ஐந்து மி.மீ.க்குக் குறைந்த எந்த அசைவையும் நான் நம்பிக் கையெழுத்துப் போட மாட்டேன். சுவருக்கு அதற்குள்ளேயே ஆபத்து வந்துவிடலாம். துறை அனுமதித்தால் விரிசலின் குறுக்கே ஒரு அளவுமானி ஒட்டுங்கள். மூன்று நான்கு இடங்களில் சின்ன பிரிசம் வைத்து, அசையாத பாறையிலிருந்து டோட்டல் ஸ்டேஷனில் மாதம் ஒரு தடவை பாருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் கட்டாயம் பாருங்கள். சுவர் எந்த வடிவில் வயிறு தள்ளியிருக்கிறது, எங்கே முட்டுக் கொடுப்பது என்று தெரிய ஒரே ஒரு தடவை ஸ்கேன் போதும். அவர் அப்படியே செய்தார். ஐப்பசி மழைக்குப் பிறகு அளவுமானி ஒன்றரை மி.மீ. காட்டியது. ஸ்கேனரை மட்டும் நம்பியிருந்தால் அது தெரிந்திருக்காது.

எந்த வழியை எடுத்தாலும் கோப்புகளைப் பல மென்பொருள்களும் திறக்கும் பொது வடிவங்களான இ57 (E57) அல்லது லாஸ் (LAS) வடிவத்திலும் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். கருவி நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் மட்டும் வாங்கினால், அந்த மென்பொருளின் சந்தா இருக்கும் வரைதான் அது உங்களுடையது.

நாள் குறிக்கும்போது தை, மாசியைப் பாருங்கள். இலை உதிர்ந்து சுவர் வெளியே தெரியும், காற்று அடங்கியிருக்கும், வெயிலும் தாங்கும். ஆடிக் காற்றில் டிரோனும் நிற்காது, முக்காலியும் நிற்காது. தொல்லியல் துறைக்கும் வனத்துறைக்கும் விண்ணப்பத்தைப் புரட்டாசியிலேயே கொடுத்துவிட்டால், பொங்கல் முடிந்ததும் மலை ஏறலாம்.